ஜெர்மனியில் முதல் குடித்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டுட்கார்ட் பக்கம் குடிவந்து எட்டு வருஷம் ஆகிறது. வேலை உறுதியாகி விசாவுக்குக் காத்திருப்பவர்கள், வந்து இறங்கி ஒரு வாரம் ஆனவர்கள், முதல் குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்று யாராவது ஒருவரின் வாய்ஸ் மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வாடகை வீட்டில் குடியிருப்பவள், அவ்வளவுதான்.

அக்கா, இங்கேர்ந்தே ஆன்லைன்ல ஒரு வீட்டைப் பிடிச்சு அட்வான்ஸ் கட்டிட்டு வந்துடட்டுமா?

வேண்டாம். வீட்டை நேரில் பார்க்காமல், சாவி கைக்கு வராமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் அது மோசடி. படம் அழகாக இருக்கும், வாடகை சந்தை விலையில் பாதியாக இருக்கும். ஊரைத் தெரியாதவர்களுக்கென்றே விரிக்கிற வலை அது.

முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு மரச்சாமான் போட்ட தற்காலிக வீடு ஒன்று எடுங்கள். வாடகை கூடத்தான் இருக்கும். அங்கே இருந்துகொண்டு நல்ல வீடு தேடலாம். எடுக்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா? முடியாது என்றால் எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

முகவரி பதியணும், பதியணும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. அப்படி என்ன அதுல?

இங்கே குடித்தனம் தொடங்குவது பால் காய்ச்சுவதில் இல்லை, அன்மெல்டுங்கில். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 2015 நவம்பரிலிருந்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாளும் கட்டாயம். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். பயப்பட வேண்டாம், "இன்னார் இன்ன தேதியில் என் வீட்டுக்குக் குடிவந்தார்" என்பதுதான் அதில் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது, இந்தத் தாளே வேண்டும்.

பதிந்து சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது நீங்கள் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் சம்பளத்தில் 6ஆம் வகுப்பு என்ற உச்சபட்ச வரியைப் பிடித்துவிடக்கூடும். பிறகு திரும்பி வரும். ஆனால் முதல் மாதத்தில் கை சுருங்கிப்போகும். வங்கிக் கணக்கு, குடியிருப்பு அட்டை, பிள்ளைக்குப் பள்ளி என்று எங்கே போனாலும் இந்தப் பதிவுச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள். பெரிய ஊர்களில் இரண்டு வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்டே கிடைக்காமல் போகலாம். அப்போது, முன்பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அந்தப் படிவத்துல மதம்னு ஒரு கட்டம் இருக்கே, என்ன எழுதறது?

இந்துக்களும் முஸ்லிம்களும் யோசிக்க ஒன்றுமில்லை. கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ பதிந்தால் திருச்சபை வரி சம்பளத்திலேயே பிடிக்கப்படும். இங்கே பாடன்-வுர்ட்டெம்பெர்க்கிலும் பவேரியாவிலும் அது வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. சம்பளத்தில் அல்ல, வரியில்; இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். என்ன எழுதுவது என்பது உங்கள் மனசாட்சிக்கு விட்டது. தெரியாமல் எழுதிவிட்டு ஆறு மாதம் கழித்துச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைக்காதீர்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

விளம்பரத்துல "2 சிம்மர்"னு போட்டிருக்கு. ரெண்டு பெட்ரூமா? அப்புறம் வாடகையே ரெண்டு மாதிரி இருக்கு?

ஹாலையும் சேர்த்துத்தான் அறை எண்ணுவார்கள். 2 சிம்மர் என்றால் நம் கணக்கில் ஒரு படுக்கையறை வீடு. சமையலறை, குளியலறை கணக்கில் வராது.

கால்ட்மீட்ட என்பது வெறும் வீட்டு வாடகை. வார்ம்மீட்ட என்றால் அதோடு தண்ணீர், குப்பை, மாடிப்படி விளக்கு, பெரும்பாலும் ஹீட்டர் எல்லாம் சேர்ந்தது. இந்தச் சேர்க்கைக்கு நேபென்கோஸ்டன் என்று பெயர். மின்சாரமும் இன்டர்நெட்டும் தனி. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நேபென்கோஸ்டனாக மாதாமாதம் கட்டுவது முன்பணம்தான், கடைசிக் கணக்கு வேறு. அது பின்னால் வரும்.

அட்வான்ஸ் மூணு மாசம் கேக்கறாங்க. கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமா?

பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை! கவுட்சியோன் என்கிற இந்த வைப்புத்தொகை மூன்று மாதக் கால்ட்மீட்டவுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. குறைக்கச் சொல்லிக் கேட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும். ஆனால் அதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தவணை குடிவரும்போது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த மாதங்களில். தரகர் கூலிக்கும் சட்டம் உண்டு. 2015 ஜூனிலிருந்து தரகரை யார் அமர்த்தினாரோ அவர்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வைத்த தரகருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஷூஃபா ரிப்போர்ட் கேக்கறாங்க. நான் வந்தே பத்து நாள்தான் ஆச்சு!

ஷூஃபா என்பது கடன் ஒழுங்கைப் பதிந்துவைக்கும் நிறுவனம், நம்ம ஊர் சிபில் மாதிரி. புதிதாக வந்தவர் பெயரில் அங்கே ஒன்றும் இருக்காது, அது உங்கள் குற்றமும் இல்லை. வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு இருந்தால் அது, பாஸ்போர்ட் நகல், குடும்பத்தைப் பற்றி அரைப் பக்க அறிமுகம் இவற்றை ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். "இப்போதுதான் நாட்டுக்கு வந்தோம், அதனால் ஷூஃபா இல்லை" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அலுவலக மனிதவளப் பிரிவு ஒரு கடிதம் கொடுத்தால் இன்னும் நல்லது.

நாற்பது வீட்டுக்கு எழுதினால் நாலு பேர் பார்க்கக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. "சமைத்தால் மசாலா வாடை வருமா" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். வரும் என்றேன். அந்த வீடு கிடைக்கவில்லை.

வீட்டைப் போய்ப் பாத்தேன். சமையலறையில ரெண்டு குழாய் முனையும் ஒரு வயரும் மட்டும் தொங்குது. ஏமாத்தறாங்களா?

இல்லை, அதுதான் இங்கே வழக்கம். மேடை, சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் குடியிருப்பவருடைய சொத்து. காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போவார்கள். விளம்பரத்தில் ஐன்பவுகூஃக என்று இருந்தால் மட்டும் சமையலறை வீட்டோடு வரும். விளக்கும் அதே கதைதான். கூரையில் வயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் முதல் இரவு செல்போன் வெளிச்சத்தில்தான் தயிர்சாதம் சாப்பிட்டோம். ஒரு பல்பும் ஹோல்டரும் பையில் இருக்கட்டும்.

இதற்கு மூன்று வழி உண்டு. பழைய குடித்தனக்காரர் தன் சமையலறையை விற்கத் தயாராக இருந்தால், விலை பேசி அப்படியே வாங்கிவிடுங்கள். அதைவிடச் சுலபம் வேறில்லை. இல்லையென்றால் கிளைன்அன்சைகன் என்ற விளம்பரத் தளத்தில் செகண்ட்ஹேண்டாக வாங்கலாம். சாமான் மலிவு, ஆனால் கழற்றுவதும் ஏற்றுவதும் மறுபடி பொருத்துவதும் உங்கள் தலையில். மேடை உங்கள் சுவருக்கு நாலு அங்குலம் நீளமாகவே இருக்கும். மூன்றாவது புதிது வாங்குவது. கடையில் ஆர்டர் கொடுத்து வந்து சேரப் பல வாரம் ஆகும். அதுவரை ஒற்றை இன்டக்‌ஷன் அடுப்பில் காலத்தை ஓட்டலாம்.

மின்அடுப்பின் இணைப்பு 400 வோல்ட். நம்ம ஊர் தைரியத்தில் நீங்களே திருகாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தீ விபத்து ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இணைப்பு கொடுத்தது யார் என்பதுதான்.

சரி, ஊர்லேர்ந்து என்னென்ன எடுத்துட்டு வரணும்? மிக்ஸி ஓடுமா?

ஓடும். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் பொருந்தாது. எர்த் உள்ள அடாப்டராக வாங்குங்கள்; விமான நிலையத்தில் விற்கும் இரண்டு கம்பி அடாப்டரில் மிக்ஸியைச் செருகாதீர்கள். குக்கர் கொண்டுவந்தால் இன்டக்‌ஷன் அடி உள்ளதாக இருக்கட்டும், கூடவே இரண்டு காஸ்கெட்டும் ஒரு வெயிட் வால்வும். அலுமினிய குக்கரோடு வந்து, அதில் பூச்செடி வைத்திருக்கும் வீடு ஒன்று எனக்குத் தெரியும். இட்லித் தட்டு, தேங்காய்த் துருவி, இடியாப்ப அச்சு இவற்றுக்குக் கட்டாயம் இடம் ஒதுக்குங்கள். பருப்பு, அரிசி, புளி, பெருங்காயம் எல்லாம் இங்கேயே கிடைக்கும். 1980களில் வந்த ஈழத்தமிழர்களும் அவர்களுக்குப் பின்வந்தவர்களும் நடத்தும் கடைகள் பல ஊர்களில் உண்டு. முருங்கைக்காய்கூட வரும்.

நெய், பால்கோவா, தயிர், இறைச்சி ஊறுகாய் எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணப் பெட்டியில் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் அம்மா கட்டித்தரும் மல்லிகைச் சரமும்கூட முடியாது. தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது உங்கள் சாமர்த்தியம்.

மாவு பொங்கவே மாட்டேங்குது அக்கா.

ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். சூடு போடக்கூடாது. டிசம்பரில் 14 மணி நேரம்கூட ஆகும்.

எனக்கு வந்த பார்சல், பேங்க் கார்டு எல்லாம் திரும்பிப் போயிடுச்சு. அட்ரஸ் சரியாத்தான் கொடுத்தேன்.

கதவு எண் கிடையாது இங்கே. பத்து வீடு இருக்கும் கட்டடத்துக்கும் ஒரே எண்தான். தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை. பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். வரி எண் கடிதமும் இப்படித்தான் பலருக்குத் திரும்பிப் போகிறது.

நமக்கு இதில் ஒரு தனித் தொல்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மிடம் இல்லை. கணவரின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர், மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், பிள்ளைக்கு வேறு. சிலருக்கு அந்த இடமே காலி. ஆகவே வீட்டில் இருப்பவர்களின் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்களை எல்லாம் பெட்டியில் ஒட்டுங்கள், அழைப்பு மணியிலும்தான். எங்கள் பெட்டியில் நாலு பெயர். நாலு குடும்பம் இருக்கிறதா என்று எதிர்வீட்டுப் பாட்டி ஒருநாள் விசாரித்தார். வங்கி, காப்பீடு, மருத்துவமனை எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளைக் கொடுங்கள். இனிஷியலை ஒரு இடத்தில் விரித்தும் ஒரு இடத்தில் சுருக்கியும் எழுதினால் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள்.

டிவியே இல்ல. டிவிக்குக் காசு கட்டச் சொல்லி லெட்டர் வந்திருக்கு. மோசடியா?

உண்மையான கடிதம்தான். பொது ஒலிபரப்புக் கட்டணம். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். நீங்கள் முகவரி பதிந்த தகவல் அவர்களுக்குத் தானாகப் போய்விடும். ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான். அறைத் தோழர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணைக் கொடுத்துப் பதில் போடுங்கள். குப்பையில் போட்டால் கடிதம் தடித்துக்கொண்டே வரும்.

கரண்ட் யார்கிட்ட வாங்கறது? வந்த அன்னைக்கே விளக்கு எரிஞ்சுதே?

எரியும். யாரிடமும் ஒப்பந்தம் போடாவிட்டால் அந்தப் பகுதியின் அடிப்படை நிறுவனம் தானாகக் கொடுக்கும், விலை பெரும்பாலும் கூடுதல். முன்பெல்லாம் குடிவந்த பிறகு பின்தேதியிட்டு மாற்றிக்கொள்ள முடிந்தது. 2025 ஜூனிலிருந்து முடியாது. சாவி வாங்கும் முன்பே ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். சாவி வாங்கும் அன்று மீட்டரைப் படம் எடுங்கள். சுவர்க் கீறல், தரைக் கறை எல்லாவற்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுதச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

குப்பை விஷயத்துல பக்கத்து வீட்டம்மா முறைக்கிறாங்க.

காகிதம், மக்கும் குப்பை, பிளாஸ்டிக் மற்றும் டப்பா உறைகளுக்கு மஞ்சள் பையோ தொட்டியோ, மற்றதெல்லாம் ரெஸ்ட்ம்யூல். தேங்காய் ஓட்டை மக்கும் குப்பையில் போடலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும், நகராட்சித் தாளைப் பாருங்கள். கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரித்துப் போட வேண்டும். நீலம் பச்சையோடு சேரும். ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டம்மா முறைத்தது அநேகமாக அதற்குத்தான். தண்ணீர், குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கியே போடாதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு 25 சென்ட் ஃபாண்ட், அதாவது பாட்டிலுக்கான வைப்புப் பணம், வாங்கியிருக்கிறார்கள். கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

இந்தப் பக்கம் மட்டும் இன்னொன்று உண்டு, கேர்வோஹே. முறை வைத்து வாரம் ஒரு வீட்டார் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். உங்கள் வாரம் வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும். வாசல் பெருக்கி வளர்ந்தவர்களுக்கு இது ஒரு கஷ்டமா? நான் செய்ததைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுப் பாட்டி முதன்முதலில் என்னிடம் பேசினார்.

படுக்கையறை மூலையில கறுப்பா படருது. பெயின்ட் அடிச்சா போயிடுமா?

போகாது, அது பூசணம். அடித்து மறைத்தால் திரும்ப வரும். எங்கள் முதல் குளிர்காலத்தில் பீரோவை நகர்த்தியபோது சுவரில் ஒரு முழம் கறுத்திருந்தது. செய்த தப்பெல்லாம் எங்களுடையதுதான்: துணியை அறைக்குள் காயவைத்தோம், ஜன்னலைத் திறக்கவில்லை, பணம் மிச்சமாகும் என்று பகலெல்லாம் ஹீட்டரை அணைத்தோம், பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம்.

நம்ம ஊர் வீடு தானாகவே மூச்சு விடும். வென்டிலேட்டர் இருக்கும், கதவிடுக்கு இருக்கும், முற்றம்கூட இருக்கும். இங்கே ஜன்னல் ரப்பர் வைத்து இறுக மூடும். சோறு வடித்த ஆவி, குளித்த ஈரம், நாலு பேர் தூங்கிய மூச்சு எல்லாம் உள்ளேயே நிற்கும். குளிர்ந்த வெளிச்சுவர் மூலையில் போய் நீராகும். அதற்கு மருந்து லூஃப்டன். ஒரு நாளைக்கு மூன்று முறை ஜன்னலை முழுதாகத் திறந்து, எதிர் ஜன்னலையும் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம். பனி கொட்டினாலும்தான். ஜன்னலைச் சாய்த்து நாள் முழுக்க விடுவது கூடாது. சுவர் குளிரும், ஈரம் போகாது. பத்து யூரோவுக்கு ஈரமானி கிடைக்கும், 60 சதவீதத்துக்கு மேல் போனால் ஜன்னலுக்கு ஓடுங்கள். சமைக்கும்போது அறைக் கதவைச் சாத்துங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள்.

இத்தனையும் செய்தும் வந்தால் கட்டடத்தில் கோளாறு இருக்கலாம். படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் பழி உங்கள் மேல் வரும்.

வாடகை ஒழுங்கா கட்டறேன். திடீர்னு 640 யூரோ பாக்கின்னு லெட்டர்!

மேலே சொன்ன நேபென்கோஸ்டனின் கடைசிக் கணக்கு இது. கணக்கு வருஷம் முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் அனுப்ப வேண்டும்; அதற்குப் பிறகு வந்தால், தாமதம் அவர் பக்கம் என்றால், பாக்கி கேட்க முடியாது. பொதுவான ஹீட்டர் உள்ள கட்டடத்தில் ஹீட்டர் செலவில் 50 முதல் 70 சதவீதம் உங்கள் பயன்பாட்டைப் பொறுத்தது, மிச்சம் வீட்டின் பரப்பளவைப் பொறுத்தது. புரியாவிட்டால் ரசீதுகளைக் காட்டச் சொல்லலாம், அது உரிமை. உங்கள் ஊர் குடித்தனக்காரர் சங்கத்தில் சேர்ந்தால் கணக்கைச் சரிபார்த்துத் தருவார்கள். அதற்காக ஹீட்டரையே அணைத்துவிடாதீர்கள், முந்தைய பதில் நினைவிருக்கட்டும்.

எல்லாரும் ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் எடு எடுங்கறாங்க. தேவையா?

எடுங்கள். நீங்கள் தற்செயலாகப் பிறருக்குச் செய்துவிடும் சேதத்துக்கான காப்பீடு அது. கட்டாயம் இல்லை, ஆனால் சில வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். சாவி தொலைவதும் அதில் சேருமா என்று பாருங்கள். பொது வாசலையும் திறக்கிற சாவியாக இருந்தால் கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்ற நேரிடலாம்.

அம்மா அப்பா மூணு மாசம் வர்றாங்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லணுமா, பதியணுமா?

வெளிநாட்டில் வசிப்பவர் மூன்று மாதம் வரை தங்கப் பதிய வேண்டாம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்; தண்ணீர்க் கணக்கைத் தலைக்கு இவ்வளவு என்று போடும் வீடுகள் உண்டு. விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஆனால் பழைய நோய்களை அது பெரும்பாலும் ஏற்காது. அப்பாவின் சர்க்கரை மாத்திரை மூன்று மாதத்துக்கும் வரட்டும். அம்மாவிடம் ஞாயிறு கடை கிடையாது என்பதையும், இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி போடக்கூடாது என்பதையும் விமான நிலையத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வேற ஊருக்கு மாறறோம். வாங்கின சமையலறையை என்ன பண்றது?

முதலில் நோட்டீஸ். மூன்று மாதம், காகிதத்தில், கையெழுத்தோடு, மின்னஞ்சல் செல்லாது. மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். ஒருநாள் தவறினால் ஒரு மாத வாடகை கூடுதல். வைப்புத்தொகை உடனே வராது, கடைசி நேபென்கோஸ்டன் கணக்குக்காக ஒரு பகுதியைப் பிடித்துவைப்பார்கள்.

சமையலறை உங்களுடையது, ஆகவே கழற்றுவதும் உங்கள் வேலை. அடுத்து வருபவர் வாங்கிக்கொண்டால் பிழைத்தீர்கள். நாங்கள் 1,200 யூரோ கொடுத்து வாங்கியதை, மாறும்போது 400க்குக் கொடுத்தோம். வாங்கியவர்கள் வந்து நாலு நாளான கோயம்புத்தூர் ஜோடி. இட்லித் தட்டு வைக்க எந்த அலமாரி சரியாக இருக்கும் என்று மட்டும் கேட்டார்கள்.